ஏ.எல் கொமர்ஸ் முடிச்சிட்டு லொஜிஸ்டிக்ஸ் டிகிரி செய்யலாமா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

நிந்தவூர் தங்கச்சி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் அம்பாறை மாவட்டம், ஏ.எல் கொமர்ஸ், எகவுண்டிங், பிஸ்னஸ் ஸ்டடீஸ், ஈகொன் மூண்டும் செஞ்சன், ரிசல்ட் வந்திட்டு, மோசமில்ல. வீட்டில எல்லாரும் சொல்றது ஒலுவில்ல இருக்கிற தென்கிழக்குக் கெம்பஸுக்கு மெனேஜ்மென்ட் போடு, வீட்டில இருந்தே போய் வரலாம் எண்டு. எனக்கெண்டா இன்டர்நெஷனல் லொஜிஸ்டிக்ஸ்தான், அதாவது நாடு விட்டு நாடு சாமான் கொண்டு போய்ச் சேக்கிற ஒழுங்குகளத்தான் படிக்கணும். மாமா சவூதில இருந்து எயார் கார்கோல ஒரு பெட்டி போட்டாரு, தராசில பன்னிரண்டு கிலோதான், ஆனா இருபது கிலோவுக்கு காசு எடுத்திட்டாங்க எண்டு ஒரே ஏச்சு. அது ஏன் அப்பிடி எண்டு தேடத் தொடங்கித்தான் நான் இதுக்குள்ள வந்தன், இப்ப கப்பல், கொன்டெய்னர், சுயஸ் கால்வாய் எண்டு ராவு ராவா வாசிக்கிறன்.

என்ட பிரச்சின என்னண்டா, கொமர்ஸ் செஞ்ச ஆக்களுக்கு எந்தக் கெம்பஸ் சரி எண்டு தெரியல. வாப்பா சொல்றாரு இது துறைமுக வேல, ஆம்பிளையாக்கள்ட வேல எண்டு. இதுக்கிடையில டவுன்ல ஒரு ஏஜென்சி வெளிநாட்டில டிகிரி எடுத்துத் தாறம், இப்பவே ரெஜிஸ்ட்ரேஷன் காசு கட்டுங்க எண்டு நாளுக்கு நாள் கோல் எடுக்கிறாங்க. இந்தத் துறையில இருக்கிற ஆக்கள் உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

கட்டுபெத்த களுவாஞ்சிகுடி:

தங்கச்சி, முதல்ல மாமாட பெட்டி. ப்ளேன்ல நிறையும் காசு, இடமும் காசு. பெட்டிர நீளம் அகலம் உயரம் மூண்டையும் சென்ரிமீட்டர்ல பெருக்கி 6000ஆல பிரிப்பாங்க, கூரியர் கொம்பனிகள் 5000ஆல பிரிக்கிறதும் உண்டு. 60, 50, 40 பெட்டி எண்டா பெருக்கினா 120000, அத 6000ஆல பிரிச்சா இருபது. தராசில பன்னிரண்டு காட்டினாலும் ரெண்டில கூடினதுக்குத்தான் பில் போடுவாங்க. உங்கட மாமாக்கு நடந்தது அநேகமா இதாத்தான் இருக்கும். பெட்டிய முட்ட அடைக்காம பெரிய பெட்டியா எடுத்தா இதான் நடக்கும், நிறை குறைஞ்ச சாமானுக்கு சின்னப் பெட்டி எடுக்கச் சொல்லுங்க.

இந்தக் கேள்விய நீங்களாத் தேடிப் போனதே போதும், உங்களுக்கு இந்தத் துறை சரிவரும். நான் மொறட்டுவையில ட்ரான்ஸ்போர்ட் அன்ட் லொஜிஸ்டிக்ஸ் மெனேஜ்மென்ட் படிச்சன், இப்ப அந்த டிப்பார்ட்மென்ட்டுக்கு ட்ரான்ஸ்போர்ட் மெனேஜ்மென்ட் அன்ட் லொஜிஸ்டிக்ஸ் இன்ஜினியரிங் எண்டு பேர். நாலு வருசம், முழுக்க இங்கிலிஷ், இடையில இன்டஸ்ட்ரி ட்ரெய்னிங் இருக்கு. எங்கட பெட்ச்ல மெத்ஸ் ஆக்களும் இருந்தாங்க, கொமர்ஸ் ஆக்களும் இருந்தாங்க. ஆனா எந்தப் பாடச் சேர்க்கை சரி, ஓ.எல் மெத்ஸுக்கும் இங்கிலிஷுக்கும் என்ன ரிசல்ட் வேணும் எண்டத யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, போடுற அந்த வருசத்துக் கைநூல திறந்து வரி வரியா வாசிங்க. ஃபேஸ்புக்ல யாரோ சொன்னாங்க எண்டு நம்பி ஃபோர்ம் நிரப்ப வேணாம். இசட் ஸ்கோர், அதாவது ஏ.எல் ரிசல்ட்ட வெச்சுப் போடுற புள்ளி, அதப் பாத்துப் பயப்பிடவும் வேணாம், கெம்பஸுக்கு எடுக்கிற ஆக்கள்ள 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவா, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு, அதுக்குள்ள அம்பாறையும் வருது மட்டக்களப்பும் வருது. அதால போன வருச வெட்டுப்புள்ளி பாக்கக்குள்ள கொழும்புட கணக்கப் பாக்காம உங்கட மாவட்டத்துக் கணக்கப் பாருங்க.

ஜப்புரயில, அதாவது ஸ்ரீ ஜயவர்தனபுர கெம்பஸ்ல, மெனேஜ்மென்ட் பெகல்டிக்குள்ள ஒபரேஷன்ஸ் அன்ட் டெக்னொலொஜி மெனேஜ்மென்ட் எண்டு ஒரு டிகிரி இருக்கு, லொஜிஸ்டிக்ஸ் எண்டு பேர்ல இல்லாட்டியும் உள்ளுக்குப் பாதி அதுதான், கொமர்ஸ் ஆக்களுக்கு நேரான வழி. ஓஷன் யுனிவர்சிட்டிக்கு மட்டக்களப்பில சென்டர் இருந்தாலும் கப்பல் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸ் டிகிரி நடக்கிறது கொழும்பு மட்டக்குளியில, விண்ணப்பமும் தனியா கூப்பிடுவாங்க, பேப்பரப் பாத்துக்கொண்டே இருக்கணும். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலயும் லொஜிஸ்டிக்ஸ் மெனேஜ்மென்ட் இருக்கு, படையில இல்லாத வெளியாக்கள் காசு கட்டிப் படிக்கலாம். சினெக், ஸ்லிட் எல்லாம் பிரைவேட். கையில காசில்லாட்டி அரசாங்கத்தின்ட வட்டியில்லாத மாணவர் கடன் இருக்கு, ஆனா அந்த வருசம் எந்த கோர்ஸ் லிஸ்ட்ல இருக்கு எண்டு பாத்திட்டுத்தான் முடிவெடுக்கணும்.

ஒரு விசயம் திறந்து சொல்றன். லொஜிஸ்டிக்ஸ் எண்டா கப்பலும் கிரேனும்தான் எண்டு நினைச்சு வாற ஆக்கள் முதல் வருசத்திலயே ஆடிப்போறாங்க, ஏனெண்டா அங்க கிடக்கிறது முழுக்கக் கணக்கு. மூண்டு ஸ்டோர்ல சாமான் இருக்கு, நாலு கடைக்கு அனுப்பணும், ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒவ்வொரு செலவு, மொத்தச் செலவு குறைய எப்பிடிப் பிரிக்கிறது? இத லீனியர் ப்ரோகிராமிங்ல கையால செய்யப் பழக்குவாங்க, பிறகு எக்ஸல் சொல்வர்ல. ஒரு தரத்துக்கு எவ்வளவு ஓடர் பண்ணணும் எண்டதுக்கு ஈஓகியூ, வாற மாசம் எவ்வளவு விக்கும் எண்டதுக்கு ஃபோகாஸ்டிங், அதுக்கெல்லாம் ஸ்டெட்ஸ். கொமர்ஸ் பிள்ளைகள் கல்குலஸ் தெரியாம வந்து முதல் செமஸ்டர் நல்லாக் கஷ்டப்படுவாங்க. ஆனா கொஸ்டிங், பெலன்ஸ் ஷீட் வரக்குள்ள மெத்ஸ்காரர் உங்களிட்டத்தான் வந்து நிப்பாங்க.

வயல்காரன், சம்மாந்துறை:

மகள், நான் படிச்ச ஆள் இல்ல, நெல்லு வியாபாரம், லொறி ஓடுற ஆள். எல்லாரும் கொழும்பு கொழும்பு எண்டு சொல்றாங்க, வேல எங்க கிடைக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லல. ஒலுவில்ல துறைமுகம் வருது, நம்மட பிள்ளைகளுக்கெல்லாம் வேல எண்டு எவ்வளவு சொன்னாங்க, 2013ல திறந்தாங்க, டென்மார்க் காசில கட்டினது, இண்டைக்குப் போய்ப் பாருங்க, வாய்க்குள்ள மணல் அடைச்சு மீன்பிடி வள்ளத்துக்கே போக்குவரத்துக் கரைச்சல், சரக்குக் கப்பல எங்க காணுற? வடக்குப் பக்கம் கடல் அரிச்சு உங்கட நிந்தவூர்க் கரையும் தென்னந்தோப்பும் போனது உங்களுக்கே தெரியும். இதெல்லாம் பாத்த தகப்பன் பயப்பிடத்தான் செய்வாரு.

ஒலுவில்ல மெனேஜ்மென்ட் படிச்சா வீட்டுச் சோறு, போர்டிங் செலவில்ல. அதையும் யோசிங்க. ஆனா படிக்கிறதெண்டா ஒண்டு கேக்கிறன், நம்மட நெல்லு இங்க இருந்து பொலநறுவ மில்லுக்குப் போகுது, அரிசியாகித் திரும்பி நம்மட கடைக்கே வருது, ரெண்டு பக்கக் கூலியும் நம்மட தலையில. இந்தக் கணக்க ஒருத்தர் உக்காந்து சரியாப் போட்டுக் காட்டினா எவ்வளவு நல்லம்.

கட்டுபெத்த களுவாஞ்சிகுடி:

காக்கா, நீங்க கேட்டது ஃபைனல் இயர்ல ஒரு பிள்ள ரிசேர்ச்சாச் செய்யக்கூடிய கேள்வி, உண்மையா. மில்லு எங்க இருந்தா மொத்தச் செலவு குறையும், காய வைக்கிற தளம், களஞ்சியம் எவ்வளவு வேணும், போற லொறி திரும்பி வெறுமையா வருதா, இதெல்லாத்துக்கும் கணக்கு முறை இருக்கு, உங்கட மாதிரி ஆக்கள்ட லொறிக் கொப்பிதான் அதுக்கு டேட்டா.

ஒலுவில் விசயத்தில ஒண்டு சொல்லணும். கிழக்குக் கரையில மணல் தெக்கால இருந்து வடக்க ஓடுது, குறுக்க அணை கட்டினா ஒரு பக்கம் குவியும் மற்றப் பக்கம் அரிக்கும், அது ஒண்டு. மற்றது, ஒரு துறைமுகத்துக்குப் பின்னால சரக்கு இருக்கணும், ஏத்துற சாமானும் வேணும் இறக்குற சாமானும் வேணும், ஏறின கொன்டெய்னர் திரும்பி வெறுமையா வந்தா கப்பல் கொம்பனிக்காரன் கப்பல் அனுப்ப மாட்டான். கொழும்பு இவ்வளவு பெரிசா ஓடுறது இலங்கைட சரக்கால இல்ல. வருசத்துக்கு ஏழு மில்லியன் டிஇயுக்கு மேல வருது, டிஇயு எண்டா இருபதடிப் பெட்டிக் கணக்கு, அதில பெரும்பங்கு இந்தியா பங்களாதேஷ் போற பெட்டிகள், இங்க ஒரு கப்பல்ல இருந்து இறக்கி இன்னொரு கப்பல்ல ஏத்துறது. அதுக்காகத்தான் படிக்கிற பிள்ளைகள் ஊருக்குள்ள துறைமுகம் இருக்கா எண்டு பாக்காம, சரக்கு எங்க இருந்து எங்க போகுது எண்டு பாக்கப் பழகணும் எண்டு சொல்றன்.

டோஹா நானா:

தங்கச்சி, நான் காத்தான்குடி, கட்டார்ல சரக்கு அனுப்புற ஃப்ரைட் கொம்பனி ஒண்டில இருக்கிறன். நான் டிகிரி இல்லாம ஸ்டோர்ல பெட்டி தூக்கி மேல வந்த ஆள், அதால ரெண்டு பக்கமும் தெரியும். ஸ்டோர்ல நல்லா வேல தெரிஞ்ச நம்மட பொடியன்மார் எத்தனையோ பேர் சூப்பர்வைசரோட நிக்கிறாங்க, மேல உள்ள ப்ளேனிங், ப்ரொகியூர்மென்ட் வேலைகளுக்கு விளம்பரத்திலயே டிகிரி கேக்கிறாங்க, அல்லது லொஜிஸ்டிக்ஸுக்கு சிஐஎல்டி, சாமான் கொள்வனவுக்கு சிஐபிஎஸ் எண்டு இருக்கிற தொழில் அமைப்புகள்ட பரீட்சை ஒண்டு.

இந்தப் படிப்பு எதுக்கு எண்டு எனக்கு வெளங்கினது 2017ல. நோன்பு மாசம், ஜூன் 5ந் திகதி, சவூதி, யூஏஈ, பஹ்ரைன், எகிப்து எல்லாம் கட்டாரோட தொடர்ப வெட்டினாங்க. அது வரைக்கும் எங்களுக்கு வாற பெட்டி நிறைய டுபாய் ஜெபல் அலி துறைமுகத்தில இறங்கி அங்க இருந்துதான் சின்னக் கப்பல்ல வரும், தரையால எண்டா சவூதி போடர் ஒண்டுதான். ரெண்டும் ஒரே நாள்ல பூட்டு. சனம் சூப்பர்மார்க்கட்ல பால் றேக்க வெறுமையாக்கிட்டு. எங்கட ஒபிஸ்ல படிச்ச ஆக்கள் ரெண்டு பேர் ராவோட ராவா உக்காந்து எந்தப் பெட்டி எந்தக் கடல்ல நிக்குது எண்டு லிஸ்ட் எடுத்து, எத ஓமான் சோஹாருக்குத் திருப்பிற, எத சலாலாக்கு, எத ப்ளேன்ல கொண்டு வந்தாலும் நட்டமில்ல எண்டு பிரிச்சாங்க. நான் பக்கத்தில நிண்டு பாத்தன். பெட்டி தூக்கிற எனக்குச் சாமான் தெரியும், அந்த வழி தெரியாது. கட்டார்ட ஹமத் துறைமுகம் அப்பதான் புதுசு, அது இல்லாட்டி நிலைமை வேற.

ஏஜென்சிக்கு இப்ப ஒரு சதமும் கட்டாதீங்க. முதல்ல அந்த யுனிவர்சிட்டிட பேர எழுதி வாங்குங்க, பட்டம் குடுக்கிறது யார் எண்டும் கேளுங்க, பிறகு யூஜிசி அத ஏத்துக்குமா எண்டு யூஜிசிட்டயே விசாரிங்க. நாளைக்குள்ள கட்டினாத்தான் சீட் எண்டு அவசரப்படுத்திறவன நம்பவே வேணாம். வெளிநாடு போகணும் எண்டா ஏஜென்சி இல்லாமலே வழி இருக்கு. துருக்கி அரசாங்கம் வருசா வருசம் ஸ்கொலர்ஷிப் குடுக்குது, வழமையா ஜனவரி, பெப்ரவரில ஒன்லைன்ல ஃப்ரீயா அப்ளை பண்ணலாம், அங்க இன்டர்நெஷனல் ட்ரேட் அன்ட் லொஜிஸ்டிக்ஸ் எண்டே டிகிரி நிறையக் கெம்பஸ்ல இருக்கு, முதல் வருசம் துருக்கி மொழி படிக்க வேண்டி வரும். மலேசியாவில யூயூஎம் எண்டுற உத்தாரா யுனிவர்சிட்டில லொஜிஸ்டிக்ஸ் இருக்கு. ஜேர்மனில அரசாங்கக் கெம்பஸ்ல ஃபீஸ் பெரும்பாலும் இல்ல எண்டு சொல்லி ஆசை காட்டுவாங்க, ஆனா விசாவுக்கு ஒரு வருசச் செலவ பேங்க்ல பூட்டிக் காட்டணும், 2024 செப்டெம்பர்ல இருந்து அது 11904 யூரோ, நம்மட காசில எவ்வளவு எண்டு போட்டுப் பாருங்க.

மட்டுநகர் டொகியூமென்ட் அக்கா:

வாப்பாட கேள்விக்கு நான் பதில் சொல்றன், ஏனெண்டா என்ட அப்பாவும் இதையேதான் கேட்டவர். நான் மட்டக்களப்பு டவுன், கொழும்புல ஃப்ரைட் ஃபோர்வேடிங் கொம்பனில எக்ஸ்போர்ட் டொகியூமென்டேஷன். எங்கட செக்ஷன்ல பாதிக்கு மேல பொம்பிளப் பிள்ளைகள். துறைமுகத்துக்குள்ள போற வேல வார்ஃப் கிளார்க்மார்ர வேல, நாங்க ஒபிஸ்ல கம்பியூட்டருக்கு முன்னால. சிஐஎல்டிட பெண்கள் அமைப்பு விலெட் 2013ல இலங்கையிலதான் தொடங்கினது, இப்ப உலகம் முழுக்க இருக்கு, அதையும் வாப்பாக்குக் காட்டுங்க. மறைக்காமச் சொல்லவேண்டியது, அமெரிக்கா, ஐரோப்பா டைமுக்கு வேல செய்யிற ஒபிஸ்கள்ல நைட் ஷிஃப்ட் இருக்கு, இன்டர்வியூலயே கேட்டு, போக்குவரத்துக்கு வாகனம் தாறாங்களா எண்டு தெரிஞ்சுகொள்ளுங்க.

நாங்க செய்யிறது என்னண்டு ஒண்டக் காட்டுறன். நம்ம பக்கத்து இறால் ஒரு கொன்டெய்னர் ஐரோப்பாவுக்குப் போகுது எண்டு வைங்க, ரீஃபர் எண்டுற குளிரூட்டிப் பெட்டி, மைனஸ் பதினெட்டு. லோட் பண்ணி, பெட்டிர மொத்த நிறை இவ்வளவு எண்டு உறுதிப்படுத்திற விஜிஎம் குடுக்கணும், 2016 ஜூலைல இருந்து அது இல்லாம கப்பல்ல ஏத்தவே ஏலாது. கஸ்டம்ஸுக்கு கஸ்டெக் எண்டுற அறிக்கைய அசிக்குடா எண்டுற அவங்கட கம்பியூட்டர் சிஸ்டத்தில போடணும், ஹெல்த் சேர்டிஃபிகேட் வேணும், கட்ஓஃப் டைமுக்கு முன்னால பெட்டி டேர்மினல்ல நிக்கணும். பிறகு சரக்க ஏத்தினதுக்குக் கப்பல்காரர் தாற பில் ஒஃப் லேடிங். வாங்கிற ஆள் எல்சி, அதாவது பேப்பர் சரியா இருந்தா காசு தாறம் எண்ட பேங்க் உறுதி, திறந்திருந்தா அதில உள்ள விபரத்தோட எங்கட பேப்பர் ஒத்துப் போகணும். எல்சில நெட் வெயிட் ஒண்டு, பெக்கிங் லிஸ்ட்ல வேற ஒண்டு எண்டா பேங்க் டிஸ்க்ரெபன்சி எண்டு திருப்பி விடும், இறால் அங்க போய்ச் சேந்திருக்கும், காசு இங்க வராது. அதத் திருத்திற வரைக்கும் அங்க பெட்டிக்கு கரண்ட் செலவும், பிந்திறதுக்குக் கட்டுற டெமரேஜும் ஏறிக்கொண்டே இருக்கும். எழுத்துப் பிழை பாக்கிற வேல எண்டு லேசா நினைக்கிறாங்க, ஒரு ஏற்றுமதிக்காரர்ர அந்த மாசச் சம்பாத்தியமே அந்தப் பேப்பர்லதான் நிக்குது. எனக்கு இந்த வேலையில பிடிச்சதும் இதுதான்.

எகவுண்டிங் செஞ்ச பிள்ள எண்டா உங்களுக்கு இது லேசா வரும். சட்டமும் கொஞ்சம் படிக்க வேணும், அது நான் நினைச்சத விட சுவாரஸ்யம். 2024 மார்ச்ல அமெரிக்காவில பால்டிமோர் பாலத்த இடிச்ச டாலி கப்பல் ஞாபகமா? அது கொழும்புக்கு வர வெளிக்கிட்ட கப்பல். கொஞ்ச நாள்ல கப்பல்காரர் ஜெனரல் எவரேஜ் அறிவிச்சாங்க. அதாவது கப்பலையும் சரக்கையும் காப்பாத்த வந்த செலவ கப்பல்காரரும் அதில சாமான் வெச்சிருந்த எல்லாரும் பங்கு போட்டுத் தாங்கணும், உங்கட பெட்டிக்கு ஒரு கீறல் இல்லாட்டியும் பங்குக்கு உத்தரவாதம் குடுத்தாத்தான் பெட்டிய விடுவாங்க. இன்சூரன்ஸ் எடுத்தவர் பேப்பரக் குடுத்திட்டு இருப்பாரு, எடுக்காதவர் கையால கட்டணும். சுயஸ் கால்வாயில எவர் கிவன் கப்பல் 2021ல மாட்டினப்பவும் இதே கதை.

நிந்தவூர் தங்கச்சி:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ், நன்றி. அக்காட பதில வாப்பாக்கு வாசிச்சுக் காட்டினன், நைட் ஷிஃப்ட் எண்ட இடத்தில கொஞ்சம் யோசிச்சாரு, ஆனா ஃபோர்ம்ல முதல் இடத்துக்கு மொறட்டுவ போட ஓம் எண்டிட்டாரு. சம்மாந்துறை காக்காட நெல்லுக் கணக்க நான் எழுதி வெச்சிருக்கன். இன்னும் ஒண்டு கேக்கணும். மொறட்டுவயும் ஜப்புரயும் கிடைக்காம ஒலுவில்தான் கிடைச்சா லொஜிஸ்டிக்ஸ விட்டுடணுமா? கெம்பஸ் தொடங்கிற வரைக்கும் மாசக் கணக்கில சும்மா இருக்கப் போறன், அந்த நேரத்தில என்ன செய்யலாம்?

கட்டுபெத்த களுவாஞ்சிகுடி:

விடத் தேவையே இல்ல. ஒலுவில்லயோ, வந்தாறுமூலை கிழக்குக் கெம்பஸ்லயோ மெனேஜ்மென்ட் செஞ்சுகொண்டு சிஐஎல்டி பரீட்சைகள ஒவ்வொண்டாச் செய்யலாம், ட்ரெய்னிங் வரக்குள்ள கொழும்பு ஃப்ரைட் கொம்பனிக்கோ திருகோணமலை போட் பக்கமோ கேட்டு எழுதுங்க, கிட்டத்தில உள்ள ரெண்டாவது வழி அதான். எங்கட ஒபிஸுக்கு அப்பிடி வந்த ஆக்கள் இருக்காங்க, நல்லாச் செய்றாங்க. முதல் வேல எடுக்கிறது கொஞ்சம் கஷ்டம், அதுக்குப் பிறகு எந்தக் கெம்பஸ் எண்டு ஆரும் பெரிசாக் கேக்கிறல்ல.

இப்ப இருக்கிற நேரத்துக்கு எக்ஸல்ல பிவட், விலுக்கப், சொல்வர் மூண்டையும் பழகுங்க. பக்கத்தில கம்பைன்ட் மெத்ஸ் செஞ்ச பிள்ள ஆராவது இருந்தா டிஃபரன்சியேஷன் அடிப்படைய மட்டும் கேட்டுப் படிங்க, ஈஓகியூ சூத்திரம் எப்பிடி வந்தது எண்டு வெளங்க அது காணும்.

மட்டுநகர் டொகியூமென்ட் அக்கா:

இன்கோடேர்ம்ஸ் 2020 எண்டு, விக்கிறவரும் வாங்கிறவரும் செலவையும் ரிஸ்க்கையும் பிரிச்சுக்கொள்ற பதினொரு விதி இருக்கு, அத இப்பவே பாடமாக்காம வெளங்கிப் படிங்க. ஒவ்வொண்டிலயும் ரெண்டே கேள்விதான், செலவு எது வரைக்கும் ஆருக்கு, ரிஸ்க் எந்த இடத்தில கை மாறுது. அதில ஒண்டான சிஐஎஃப்ல ரெண்டும் வேற வேற இடத்தில முடியும், விக்கிறவர் சேரிற போட் வரைக்கும் கூலியும் இன்சூரன்ஸும் கட்டுவாரு, ஆனா ரிஸ்க் ஏத்தின போட்லயே கப்பல்ல ஏறின உடனே வாங்கிறவருக்குப் போயிடும். புதுசா வாற பிள்ளைகள் நிறையப் பேர் தடுமாறிறது இதுலதான். கொன்டெய்னர் சாமானுக்கு, கப்பல்ல ஏறினாப் பிறகு ரிஸ்க் மாறுற எஃப்ஓபிய விட, கொண்டு போற ஆள்ட கையில குடுத்த உடனே மாறுற எஃப்சிஏதான் பொருத்தம் எண்டு இந்த விதிகளப் போட்ட சர்வதேச வர்த்தக சம்மேளனம் ஐசிசியே சொல்லுது, ஆனா நம்ம நாட்டில பழக்கத்தில இன்னும் எஃப்ஓபிதான் எழுதுறாங்க, ஏன் அப்பிடி எண்டு தேடி வாசிச்சீங்கண்டா டேர்மினல்ல பெட்டி நிக்கிற நேரத்தில ஆரு பொறுப்பு எண்ட விசயம் வெளங்கும். இங்கிலிஷுக்கு தனிக் கிளாஸ் போறதோட, கொழும்பு போட் செய்திகள் டெய்லி எஃப்டி பேப்பர்ல வரும், அத நாளுக்கு ஒண்டு வாசிங்க, தெரியாத சொல்ல எழுதுங்க.

டோஹா நானா:

தங்கச்சி, மாமாட கார்கோ பில்ல வாங்கி ஒருக்காப் பாருங்க. எயார்வே பில் எண்டா ப்ளேன்ல போற சரக்குட பேப்பர், அதில அனுப்புற ஷிப்பர், எடுக்கிற கொன்சைனி, பீஸ், தராசில காட்டின க்ரொஸ் வெயிட், காசு எடுத்த சார்ஜபிள் வெயிட் எண்டு கட்டம் கட்டமா இருக்கும். கார்கோக் கடைக்காரன் குடுக்கிற ரசீதிலயும் பாதி விபரம் வரும். மாமாட்ட பெட்டிர அளவையும் கேட்டு, சார்ஜபிள் வெயிட் எப்பிடி வந்தது எண்டு நீங்களே போட்டுப் பாத்து இங்க எழுதுங்க, பிழை இருந்தா நாங்க திருத்திறம். துருக்கி ஸ்கொலர்ஷிப்புக்கும் அப்ளை பண்ற எண்டா பாஸ்போர்ட்டும் ஏ.எல் சேர்டிஃபிகேட் இங்கிலிஷ் கொப்பியும் இப்பவே எடுத்து வெச்சிருங்க.